பங்குனி வரைக்கும் சொல்லல

இங்கன வந்து உக்காருங்க மதினி. அந்த நாற்காலி ஆடும், காலைல ஒருத்தரக் கீழ தள்ளிட்டு. மதினின்னு கூப்பிடுதேன்னு நெனைக்காதீங்க, எங்க பக்கம் அப்படித்தான், ஆளு தெரியாட்டாலும் முறை வச்சுத்தான் பேசுவோம். வீட்டுக்காரகளக் கூட்டிட்டு வந்தியளா? எக்கோ எடுக்க உள்ள போயிருக்காகளா? அப்பம் நேரமாகும். எங்க வீட்டுக்காரக டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்காக. அங்கயும் கூட்டம்தான்.

அந்தப் பையில என்ன, மாத்திரையா? போன தடவ வந்தப்பம் எழுதிக் குடுத்ததா? காட்டுங்க பாப்போம். நான் நர்சும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஆனா ஒரு வருசமா இதுகளோடதான் குடித்தனம் பண்ணுதேன். இந்தா இது நீர் மாத்திரை. இது நாடித்துடிப்பக் கொறைக்கது. இது ரத்தக்குழாய இளக்கி விடுதது. இது சக்கரை மாத்திரை, சக்கரை இல்லாட்டாலும் இதயத்துக்குன்னு தருவாக. இந்தாருக்கு பாருங்க, சின்னதா ஒண்ணு. இதுவும் நீர் மாத்திரை வகைதான், ஆனா அது வேற ரகம். உங்களுக்கும் எழுதிருக்காகளா?

இத வச்சுத்தான் மதினி நான் எங்க வீட்டுக்காரகளப் பழி தீர்த்தேன். சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்லுதேன்.

மொதல்ல அவுக எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லணும். பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையரானவுக. கையத் தட்டி பஸ்ஸ நிப்பாட்டி, மேல ஏறி, ஒவ்வொருத்தரா டிக்கெட்டக் கேப்பாகள்ல, அந்த வேலை. ஒரு ஸ்டாப்பு தாண்டி உக்காந்திருந்தாக்கூட விட மாட்டாக. பிள்ளத்தாச்சின்னு பாக்க மாட்டாக, வயசாளின்னு பாக்க மாட்டாக, நடுக்காட்டுல எறக்கி விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கையத் தட்டுவாக. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். கொழம்புல என்ன தப்பு, கோலத்துல என்ன தப்பு, நான் எங்கம்மைகிட்ட பேசுனதுல என்ன தப்பு. தப்பு கண்டுபிடிக்காட்டா அவுகளுக்குச் சோறு செமிக்காது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். எல்லாரு வீட்டுலயும் உள்ளதுதான. நான் மனசுல வச்சுக்கிட்டது வேற ஒண்ணு.

எங்க பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியா ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்துக்கு, எந்த ஊருல பொழச்சுக்கிட்டுக் கெடந்தாலும் பங்காளிக எல்லாரும் அங்கன வந்து கூடிரணும். பொங்கல் வைப்போம், ஆத்துல குளிப்போம், மரத்தடியில ஒண்ணாச் சாப்பிடுவோம். எனக்குக் கல்யாணம் மாசியில. அடுத்த மாசம் பங்குனி உத்திரம். புதுப்பொண்ணு, எல்லாரும் பாக்கணும்னு என்னயப் பரிமாறச் சொல்லிட்டாக. அப்பம் நான் ஒல்லி மதினி. இந்த ஒடம்பெல்லாம் நாப்பதுக்கு மேல வந்தது. அப்பம் நெஞ்சுல சதையே கெடையாது, பொம்பளைக்குப் பொம்பள சொல்லுததுக்கு என்ன. நான் சாம்பார் வாளியத் தூக்கிட்டு வாரேன். இவுக தம்பி சித்திரைவேலு பக்கத்து இலையில உக்காந்திருக்கான். இவுக அவன்கிட்டச் சொல்லுதாக, "லே, தள்ளி உக்காரு. பலகை வருது, இடிச்சிரப் போவுது."

அம்புட்டுப் பந்தியும் சிரிச்சது. எனக்கு மொதல்ல வெளங்கல. என்னத்தையோ சொல்லுதாகன்னு நானும் சேந்து சிரிச்சேன். அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. நானும் சேந்து சிரிச்சேன் பாருங்க.

அதுக்குப் பொறவு அந்தக் குடும்பத்துல எனக்கு பிரமுங்கிற பேரே கெடையாது. பலகை மதினி. பலகைப் பெரியம்மை. பொம்பளைகளும் சொல்லுவாளுக, புள்ளைகளும் சொல்லும். எனக்கு மக பொறந்தப்பம் பால் பத்தல. புள்ள அழுது அழுது நீலம் பாரிச்சுப் போகுது. பாக்க வந்தவுக முன்னால இவுக சொல்லுதாக, பலகைய எவ்வளவு இழைச்சாலும் பால் வருமான்னு. எங்கம்மை அன்னைக்கு அடுப்பங்கரையில போயி அழுதா. நான் அழல. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். என்னைக்காவது ஒரு நாளு, அதே கோயில்ல, அதே பங்காளிக முன்னால, இந்த மனுசன் நெஞ்சப் பாத்து ஊரு சிரிக்கணும் சாஸ்தாவேன்னு கும்பிட்டேன். ஆம்பளைக்கு நெஞ்சப் பாத்து எப்படிச் சிரிக்க முடியும்னு எனக்கே தெரியாது. வாயில வந்தது, கும்பிட்டேன்.

சாஸ்தா மெதுவாத்தான் கேப்பாரு போல.

போன வருசம் ஆனியில இவுகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. மாடிப்படி ஏற முடியல. காலு வீங்கிச்சு, விரல வச்சு அமுக்குனா குழி விழுது, குழி அப்படியே நிக்கி. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்தே தூங்குதாக. வயசு ஆச்சுல்ல, நடங்க சரியாப் போகும்னு சித்திரைவேலு யோசனை சொன்னான். பொறவு ஒரு நாளு செருப்பக் காலுல நொழைக்க முடியாமப் போகவும் இங்க கூட்டிட்டு வந்தேன்.

டாக்டரம்மா ஜெபசெல்வி, பாத்திருப்பீங்க, கண்ணாடி போட்ட சின்னப் பொண்ணு. உக்கார வச்சு நல்லாச் சொன்னுச்சு. இதயம் நின்னு போகல, தளந்து போச்சு. முந்தி ஒரு அமுக்குல வெளிய தள்ளுன ரத்தத்துல இப்பம் பாதிகூடத் தள்ள முடியல. மிச்சம் தேங்குது, அதுதான் காலுல தண்ணியா, நுரையீரல்ல தண்ணியா நிக்கி. மாடு தளந்து போனப்பம் சாட்டைய எடுத்தா படுத்துரும்லா, பாரத்த எறக்கணும், இந்த மாத்திரையெல்லாம் பாரத்த எறக்கத்தான்னு சொன்னுச்சு. இவுக அந்தப் பொண்ண மொறச்சுப் பாத்தாக. மாடுன்னு சொல்லிட்டாளேன்னு.

நான் ஒரு எழுத்து விடாமக் கேட்டுக்கிட்டேன். ஏன்னா மாத்திரைய எடுத்துக் குடுக்க வேண்டியது நானாம். உப்பக் கொறைக்க வேண்டியது நானாம். தண்ணிய அளந்து ஊத்த வேண்டியது நானாம். இத்தனை வருசம் என்னய செக்கிங் பண்ணுன மனுசன, மதினி, என் கையில புடிச்சுக் குடுத்துட்டாக.

உப்பத்தான் மொதல்ல எடுத்தேன். ஊறுகாய் போச்சு, அப்பளம் போச்சு, மோர் மொளகா போச்சு, கருவாடு போச்சு. இவுக கருவாட்டுக்கு உசுர விடுத ஆளு. சித்திரைவேலு பொண்டாட்டி இந்துப்பு வாங்கிட்டு வந்து குடுத்தா, இது இயற்கை மதினி, இதயத்துக்கு ஒண்ணும் செய்யாதுன்னு. நான் டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். இந்துப்பும் உப்புதாம்மா, அதுவும் தண்ணியத் தேக்கும், தூரப் போடுங்கன்னு சொன்னுச்சு. கடையில கொறஞ்ச உப்புன்னு ஒண்ணு விக்காம்லா, அது இவுக மாத்திரையோட சேந்தா இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிரும், அதத் தொடவே கூடாதுன்னும் சொன்னுச்சு. இத நீங்களும் மனசுல வச்சுக்கோங்க. நான் இந்துப்ப இவுக கண்ணு முன்னாலயே வாசல்ல கொட்டுனேன். உப்பில்லாத சோத்த வாயில வச்சுட்டு இவுக என்னயப் பாத்த பார்வை இருக்கே.

பொறவு நீர் மாத்திரை. அது காலைல குடுத்தா உச்சி வரைக்கும் வேலை செய்யும். ஒண்ணுக்குப் போயிப் போயி வருவாக, காலு வத்தும், மூச்சு லேசாகும். எங்கயாவது வெளிய போற நாளுல டாக்டரம்மாகிட்டக் கேட்டு நேரத்தத் தள்ளிக் குடுக்கலாம். நான் தள்ளல. மக வீட்டுக்கு ஓசூருக்குப் பஸ்ஸுல போனோம். கெளம்பும்போது குடுத்துட்டேன். வழியில இவுகளே எந்திரிச்சுப் போயி, டிரைவர்கிட்டக் குனிஞ்சு நின்னு, தம்பி கொஞ்சம் ஓரமா நிறுத்துங்கன்னு கெஞ்சுதாக. ஒரு தடவ இல்ல, பல தடவ. பஸ்ஸே முணுமுணுக்கு. எத்தனை பேர நடுக்காட்டுல எறக்கி விட்டிருப்பாக. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ரத்தக்குழாய இளக்குத மாத்திரை மொதல்ல ஒண்ணு குடுத்தாக. அதுல வறட்டு இருமல் வந்துட்டு. சளியே கெடையாது, தொண்டைய யாரோ வருடுத மாதிரி இருமிக்கிட்டே கெடப்பாக. கற்பூரவல்லி குடுத்தேன், சுக்கு குடுத்தேன், கேக்கல. எனக்குத் தூக்கம் போச்சு. ஓடி வந்து டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அது அந்த மாத்திரையோட குணம்மா, சில பேருக்கு வரும், வேற ரகம் இருக்குன்னு மாத்திக் குடுத்துச்சு. கொஞ்ச நாளுல இருமல் நின்னு போச்சு. இதச் சொல்லுததுக்குக் காரணம் இருக்கு, கேளுங்க. மாத்திரை ஒத்துக்காட்டா மாத்துவாகன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரியாம ஒண்ணும் நான் செய்யல.

நாடித்துடிப்பக் கொறைக்கத அரையில ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுனாக. ஆரம்பத்துல ஆளு முன்னைக்கும் தளந்து போனாக. பாயில இருந்து சட்டுன்னு எந்திரிச்சாத் தல சுத்தும். கையி காலெல்லாம் சில்லுன்னு கெடக்கும். பதறாதீங்க, இதயம் ஓடி ஓடித் தேயாம நின்னு நிதானமாத் துடிக்கதுக்குத்தான் அது, பழகிரும்னு சொன்னாக. பழகிட்டு. ஆனா இன்னொண்ணும் பழகிட்டு. கோவம் போயிருச்சு மதினி. மாத்திரையாலயா, தளர்ச்சியாலயான்னு தெரியல. கத்த வாயத் தொறப்பாக, பாதியில விட்டுட்டுப் போயி உக்காந்துருவாக. நான் எத்தனை கோயில்ல வெளக்குப் போட்டேன், அந்த மனுசன் கோவம் கொறையணும்னு. அரை மாத்திரை செஞ்சுட்டு.

அதுல எனக்குச் சந்தோசம்னு நெனைக்கியளா? இல்ல. ஆத்திரமா வந்துச்சு. நான் சண்டை போடக் காத்துக்கிட்டு இருக்கப்பம் எதிராளி போயித் தூங்கிட்டா எப்படி இருக்கும்?

சரி, இந்தச் சின்ன மாத்திரைக்கு வாரேன். இத எழுதுத அன்னைக்கு இவுக ஒண்ணுக்குப் போயிட்டாக. டாக்டரம்மா என்கிட்ட மட்டும் சொன்னுச்சு. அம்மா, இது நல்ல மாத்திரை, ஆயுசக் கூட்டுத மாத்திரை. ஆனா இதனால சில ஆம்பளைகளுக்கு மாரு வீங்கும், தொட்டா வலிக்கும். கட்டி கிட்டின்னு பயந்துராதீங்க, நீங்களா நிப்பாட்டவும் செய்யாதீங்க. என்கிட்ட வந்து சொன்னாப் போதும், வேற ஒண்ணு இருக்கு, மாத்திருவேன். எளநி, வாழப்பழம் கொறச்சுக்கோங்க, அப்பப்பம் ரத்தம் பாக்கணும். அவருகிட்டயும் சொல்லிருங்கன்னு.

சரிம்மான்னேன். வெளிய வந்தேன். இவுக வந்தாக, டாக்டர் என்ன சொன்னாகன்னு கேட்டாக. எளநி குடிக்கக் கூடாதாம்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு மதினி. சாஸ்தா கேட்டுட்டாரு பாத்தியளா.

அடிக்கடி பாப்பேன். அப்பம் ஆவணி. ஒண்ணுமில்ல. புரட்டாசி, ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் வராதாம்லா, இவுகளுக்கு வரலன்னா என்ன செய்யன்னு கவலையாக் கெடந்தேன். தீவாளிக்கு எண்ணெ தேச்சு விடுதேன், நெஞ்சுல கைய வச்சதும் ஸ்ஸுன்னாக. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, நகம் பட்டுட்டுன்னாக. என் நகம் ஒட்ட வெட்டுன நகம். அன்னைக்கு எனக்குத் தீவாளி.

அதுக்குப் பொறவு வீட்டுல வெறும் மேலோட நிக்குத ஆளு பனியன் போட ஆரம்பிச்சாக. பனியனுக்கு மேல சட்டை. கார்த்திகை மார்கழி குளிருன்னு சாக்குச் சொன்னாக. முதுகு தேச்சு விடட்டான்னு கேட்டா வேண்டாம்னு குளிமுறிக் கதவச் சாத்திக்கிட்டாக. பொங்கல் வைக்கும்போதும் சட்டை. துண்டு ஒரசுனாலும் மொகம் சுண்டிப் போகும். ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க மாட்டாக. எனக்கு எல்லாம் தெரியுது, தெரியாத மாதிரி இருக்கேன். மத்த மாத்திரைகள எடுத்து வச்சுட்டு, இத மட்டும் கடைசியா என் கையால குடுப்பேன். முழுங்குத வரைக்கும் நின்னு பாப்பேன்.

நீங்க என்னய அப்படிப் பாக்காண்டாம். ஒரு நாளு ஒரு மாத்திரை தவற விட்டதில்ல நான். காலைல எடை பாப்பேன், ஒரு கிலோ ஏறுனாலும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுருவேன். தண்ணிய அளந்துதான் ஊத்துவேன். அவுகளுக்கு ஒண்ணு ஆகிட்டா பங்குனி உத்திரத்துக்கு யாரக் கூட்டிட்டுப் போக? அதுக்காகத்தான் பாத்தேன். வேற எதுக்கும் இல்ல.

மாசி கடைசியில மெதுவா வந்து சொல்லுதாக, இந்த வருசம் சாஸ்தா கோயிலுக்கு சித்திரைவேல முன்ன நிக்கச் சொல்லிரலாம், எனக்கு ஏலாதுன்னு. எங்க கோயில்ல மூத்தவருக்குத்தான் பரிவட்டம் கட்டி மொதல் திருநீறு குடுப்பாக. சட்டை பனியன் கூடாது. துண்ட இடுப்புலதான் கட்டணும், தோளுல போடக் கூடாது. அதுதான் இவுகளுக்குப் பயம். நான் விடுவேனா? மூத்தவுக உசுரோட இருக்கப்பம் இளையவன் போயி நிக்கவா, உங்களச் செத்துட்டாகன்னு நெனைக்கவான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாக.

பங்குனி உத்திரம் வந்துச்சு. வேன் புடிச்சுப் போனோம். அதே ஆறு, அதே மரம், அம்புட்டுப் பங்காளிகளும் பொண்டு புள்ளைகளும். நான் பொங்கப் பானைகிட்ட நிக்கேன், ஆனா கண்ணு அங்கதான். பூசாரி கூப்பிடுதாரு, பரிவட்டத்துக்கு வாங்கன்னு. இவுக சட்டைய அவுத்தாக. பனியன அவுத்தாக. துண்ட எடுத்து இடுப்புல சுத்துனாக. நிமுந்து நின்னாக.

இருந்துச்சு மதினி. எல்லாருக்கும் தெரியுத மாதிரி இருந்துச்சு. மெலிஞ்ச ஒடம்புல அது தனியாத் தெரிஞ்சது. பூசாரி பரிவட்டத்தக் கட்டுதாரு. அப்பம் சித்திரைவேலு பக்கத்துல நிக்கவன்கிட்டச் சொல்லுதான், மெதுவாச் சொல்லுதோம்னு நெனப்பு, எல்லாருக்கும் கேட்டுச்சு. "அண்ணனுக்கு அடுத்த வருசம் ரவிக்கை எடுத்துரலாம்டே."

சிரிச்சாக. பந்தியில அன்னைக்குச் சிரிச்ச அதே சிரிப்பு. அன்னைக்குச் சிரிச்சதுல பாதிப் பேரு செத்துட்டாக, அவுக புள்ளைக சிரிக்கு. இவுக திரும்பிப் பாக்கல. திருநீற வாங்கி நெத்தியில பூசுதாக.

நான் எத்தனை வருசம் காத்திருந்த சிரிப்பு அது. கேக்கக் கேக்க எனக்கு எப்படி இருந்திருக்கணும்? ஆனா பாருங்க, கையில பொங்கல் கிண்டுத அகப்பை இருந்துச்சு. எப்படிப் போனேன்னு தெரியல. சித்திரைவேலு தோளுல ஒண்ணு வச்சேன். சூடு, பொங்கலோட ஒட்டிக்கிட்டு. அவன் துள்ளுதான். யாருல நீ சிரிக்கன்னு கேட்டேன். எவன்டா நீங்கள்லாம் சிரிக்கதுக்குன்னு கேட்டேன். இன்னும் என்னமெல்லாமோ கேட்டேன், சாமி முன்னால கேக்கக் கூடாததெல்லாம்.

வேற மாதிரி நெனச்சிராதீங்க. வீட்டுக்காரகளுக்காகப் போனேன்னு அங்க நின்ன பொம்பளைகளும் அப்படித்தான் பேசிக்கிட்டாளுக, பாருங்க புருசனச் சொன்னதும் எப்படிப் பொங்கிட்டான்னு. அது இல்ல. அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியது. அந்த மாத்திரையத் தெனமும் குடுத்தது நான். காத்திருந்தது நான். பால் பத்தாம புள்ளைய வச்சுக்கிட்டு நின்னது நான். இந்தச் சித்திரைவேலு என்ன செஞ்சான்? ஓசியில வந்து சிரிக்கான். அதான் அடிச்சேன்.

திரும்பி வரும்போது வேன்ல பின்னால நானும் இவுகளுமா உக்காந்திருக்கோம். சட்டைய மாட்டிட்டாக, பரிவட்டத்த மடியில வச்சிருக்காக. எனக்குள்ள கொதிக்கு. பழி தீர்த்தாச்சு, ஆனா யாரு தீர்த்தான்னு இந்த மனுசனுக்குத் தெரியாமப் போனா அது என்ன பழி? சொல்லிரணும்னு தோணிட்டு. மொகத்தப் பாத்துச் சொன்னேன். அந்த வீக்கம் மாத்திரையாலதான். டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டு, வந்தா மாத்தித் தாரேன்னு. நான்தான் உங்ககிட்டச் சொல்லல. வேணும்னுதான் சொல்லல. இன்னைக்கு நீங்க அங்கன நிக்கணும்னுதான் சொல்லல.

ஏளா, எனக்குத் தெரியும்னாக.

என்ன தெரியும்னேன். மருந்துக்கடைக்காரன் கார்த்திகையிலயே சொல்லிட்டானாம். வலிக்குன்னு தைலம் கேக்கப் போயிருக்காக, அவன் என்ன மாத்திரை சாப்பிடுதீங்கன்னு கேட்டுட்டு, இதுதான் காரணம், டாக்டர்கிட்டச் சொன்னா வேற தருவாகன்னு சொல்லிட்டானாம். அப்பம் ஏன் மாத்தல, ஏன் முழுங்குனீங்கன்னு கேட்டேன். வெளிய பாத்துக்கிட்டே சொல்லுதாக.

"அந்த மாத்திரையத் தரும்போது மட்டும் நீ என்னயப் பாத்துச் சிரிப்ப, ஏளா. கல்யாணமான நாள்ல இருந்து நீ என்னயப் பாத்துச் சிரிச்சு நான் கண்டதில்ல. எதுக்குச் சிரிக்கன்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முழுங்குனேன்."

நான் சிரிச்சேனா? நான் சிரிக்கவே இல்ல மதினி. கூர்ந்து பாத்தேன், முழுங்குதாகளான்னு. அது சிரிப்பா?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேன நிப்பாட்டி எறங்கிரலாமான்னு இருந்துச்சு. என் வாழ்க்கையில நானா ஒரே ஒரு காரியம் செஞ்சேன். ஒருத்தருக்கும் தெரியாம, மாசக் கணக்காப் பாத்துப் பாத்துச் செஞ்சேன். அதையும் இந்த மனுசன் டிக்கெட்ட வாங்கிப் பாத்து, கிழிச்சுக் குடுத்து, போன்னு விட்டுட்டாக. நான் ஜெயிக்கதுக்கும் அவுக அனுமதி குடுத்துத்தான் நான் ஜெயிக்கணுமா? அப்பமும் மன்னிச்சிருன்னு ஒரு வார்த்தை வாயில வரல பாத்துக்கோங்க. வந்திருந்தா மாட்டேன்னு சொல்லிருப்பேன். அதுக்கும் வழி வைக்கல. பரிவட்டத்த எடுத்து என் மடியில வச்சுட்டுத் தூங்கிட்டாக.

அதனாலதான் இன்னைக்கு இங்க வந்தேன். இனிமே எனக்காக ஒரு மாத்திரையும் அவுக முழுங்க வேண்டாம். உள்ள போனதும் டாக்டரம்மாகிட்ட நேரா நானே சொன்னேன், வீங்கிருக்கு, வலிக்கு, தீவாளியில இருந்து இருக்குன்னு. டாக்டரம்மா அவுகளத்தான் ஏசுச்சு. இத்தனை மாசமா ஏன் சார் மறைச்சீங்க, வெக்கப்படுத விசயமா இது, பயந்துபோயி எல்லா மாத்திரையவும் நிப்பாட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு. தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காக. இவகிட்டத்தான சொன்னீங்க, இவதான் சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? சொல்லல. வேணும்னுதான் சொல்லல. எனக்குப் பதிலுக்கு.

மாத்தி எழுதிட்டாக. வீக்கம் மெல்லத்தான் வத்துமாம், முழுசாப் போகவும் செய்யலாம், கொஞ்சம் நிக்கவும் செய்யலாமாம். புது மாத்திரைக்கும் ரத்தம் பாக்கணும்னு இவுகள அனுப்பிட்டாக. நான் நின்னேன். டாக்டரம்மா, இவுக இன்னும் எவ்வளவு நாளைக்கு இருப்பாகன்னு கேட்டேன். அப்படியெல்லாம் கணக்குச் சொல்ல முடியாதும்மா, நீங்க பாத்துக்கிடுத மாதிரி பாத்துக்கிட்டா நல்லா இருப்பாரு, பத்து வருசம் தாண்டி நடமாடிக்கிட்டு இருக்கவங்களும் என்கிட்ட வாராங்கன்னு சொன்னுச்சு.

பத்து வருசம் எனக்குப் பத்தாதும்மான்னு சொன்னேன்.

அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிட்டு மதினி. எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு. சின்னப் பிள்ளை, கல்யாணம்கூட ஆகலையாம். அதுக்கு என்ன தெரியும்.